ரொபஸ்டா காப்பிக்கொட்டை வறுத்தால் வெளியே கரி, உள்ளே பச்சை: எங்கே தப்பு?

பந்தலூர்வாசி:
வயநாட்டு ரொபஸ்டா செர்ரி (பழத்தோடு உலர்த்திய கொட்டை), மில்லில் தொலி நீக்கியது. இரும்பு வாணலியில் 300 கிராம், முழுத் தீயில் 7 நிமிடம் வறுத்தேன். மேலே கறுத்துவிட்டது, நறுக்கிப் பார்த்தால் நடுவில் வெளிர் பழுப்பு. அன்றைக்கே அரைத்து டிகாஷன் இறக்கினால் கரிக் கசப்பு, கூடவே பச்சைப் பட்டாணி வாசனை. சிக்கரி இல்லை. தப்பு தீயிலா, அளவிலா, கொட்டையிலா?

குமுளி மலை:
முதலில் அளவு. 10 அங்குல வாணலிக்கு 150 கிராம்தான் உச்சம். 300 போட்டால் அடிக்கொட்டை இரும்போடு ஒட்டிக் கருகும், மேல்கொட்டை ஆவியில் வேகும். அதுதான் கரியும் பட்டாணியும் ஒரே டம்ளரில்.
வாணலியை மிதமான தீயில் 3 நிமிடம் காயவிட்டுக் கொட்டையைப் போடுங்கள். கரண்டி நிற்கவே கூடாது. 5ஆவது நிமிடம் வாக்கில் மஞ்சளாகி, அரிசி வறுத்த வாசனை வரும். 9, 10இல் முதல் வெடிப்பு, அதாவது கொட்டை படபடவென்று வெடிக்கும் சத்தம். அது ஓயும்போது தீயைக் குறைத்து, அதிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் இறக்குங்கள். 150 கிராம் எடை குறைந்து 127 கிராம் பக்கம் வந்திருந்தால் மிதமான வறுவல். 120க்குக் கீழே போனால் எண்ணெய் கக்க ஆரம்பித்திருக்கும்.

போடி வறுவல்:
மேலே சொன்னது சரி. ஆனால் பயந்துபோய் சிறுதீயில் 20 நிமிடம் உருட்டிவிடாதீர்கள். நிறம் அழகாக வரும், காப்பி மட்டும் ரொட்டி ஊறிய தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கும். கருகியதைவிட இது மோசம் என்பேன்.
வறுக்குமுன் சல்லடையில் சலித்துப் பெரியது, பொடிசு, பீபெர்ரி (பழத்துக்குள் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை) மூன்றையும் பிரித்துவிடுங்கள். பொடிசு முந்திக் கருகும். உடைந்ததையும் கறுப்புக் கொட்டையையும் பொறுக்கி எறியுங்கள். கடித்தால் பல் பதிகிற கொட்டை சரியாகக் காயவில்லை, இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.

பந்தலூர்வாசி:
வெடிப்புச் சத்தமே கேட்கவில்லையே?

குமுளி மலை:
அரபிகா அளவுக்கு ரொபஸ்டா சத்தம் போடாது. அடுப்புக்கு மேலே ஓடும் புகைபோக்கி விசிறியை அந்த இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் கண்ணை நம்புங்கள்: நடுக்கோடு விரியும், சவ்வு உதிரும், கொட்டை உப்பும். இறக்கியதும் முறத்தில் பரப்பி மேசை விசிறிக்கு முன்னால் புடையுங்கள். 4 நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வராவிட்டால் உள்சூட்டிலேயே மேலும் வறுபடும். வாசலில் புடைப்பது நல்லது, சவ்வு வீடெல்லாம் பறக்கும்.

ருசிக்காரர்:
அன்றைக்கே அரைத்தது இன்னொரு தப்பு. கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும், பில்டரில் தூள் பொங்கித் தண்ணீர் ஒழுங்காக இறங்காது. வறுத்த கொட்டையை டப்பாவில் போட்டு, மூடியை லேசாகத் தளர்த்தி 3 நாள் வையுங்கள்.
பால், சர்க்கரை ஊற்றி வறுவலைச் சோதிக்க முடியாது. 8 கிராம் கொரகொரப்பான தூளில், கொதி அடங்கிய வெந்நீர் 150 மில்லி ஊற்றி 4 நிமிடம் விடுங்கள். மேலே மிதக்கும் தூள் ஏட்டை ஸ்பூனால் உடைத்து மோந்து, நுரையை வழித்துவிட்டு, வெதுவெதுப்பானதும் உறிஞ்சுங்கள். சூட்டில் மறைந்திருக்கும் பட்டாணி வாசனை அப்போதுதான் தெரியும். தெரிந்தால் அடுத்த முறை வெடிப்புக்குப் பின் 30 விநாடி கூட்டுங்கள். தொண்டையில் சாம்பல் நின்றால் தொடக்கத் தீயைக் குறையுங்கள், நேரத்தில் கை வைக்காதீர்கள்.