குடத்துக்கு மைக் ஒரு சாண் தூரமா? (வில்லிசை, வீட்டுப் பதிவு)

கோட்டாறு குடம்:
வில்லிசை வாட்ஸ்அப் குழு ஒண்ணுல நேத்து ஒருத்தர் அருள்வாக்கு சொல்லியிருக்காரு. "15,000 ரூபாய் போதும். அண்ணாவி (தலைமைப் பாடகர்) முன்னால ஒரு மைக், குடத்துல இருந்து ஒரு சாண் தள்ளி ஒரு மைக். வீட்லயே ஆல்பம் ரெடி." கீழ நாலு பேர் கைதட்டல் வேற. ஒரு சாண்ல வாய்க்கு நேரா மைக் வச்சா, பத்தி (குடத்து வாயை அடிக்கிற மட்டை) விழுற ஒவ்வொரு அடிக்கும் உள்ள இருக்க காத்து வெளிய பாஞ்சு மைக் சவ்வுல அறையும். கேக்குறது குடம் இல்ல, 'பொப்பு பொப்பு'னு ஊதுற சத்தம். மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற கெயினைக் குறைச்சா அளவுதான் குறையும், ஊதல் போகாது. ஒரு சாணாம்!

குழித்துறை கம்பி:
சொன்னது நான்தான். பேரைச் சொல்லாம குத்துறது உமக்குப் புதுசா வோய்? 'நேரா'னு நான் எங்க எழுதினேன்? மைக்கை 45 டிகிரி சாய்ச்சு, குடத்து விளிம்பைப் பாக்க வச்சா காத்து பக்கத்தால போயிரும். மைக்கோட முதுகு அண்ணாவி வாயைப் பாக்கணும். கார்டியாய்டு மைக் முதுகுப் பக்கம்தான் கம்மியா கேக்கும். மைக்கை லேப்டாப்புல சேக்குற பழைய ரெண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், ரெண்டு டைனமிக் மைக், கேபிள், ஸ்டாண்டு. மென்பொருளுக்கு ரீப்பர், 60 நாள் சும்மா ஓட்டிப் பாக்கலாம். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். குடத்துல பலமான அடி, ஒலி அளவு காட்டுற மீட்டர்ல மைனஸ் 10 டெசிபலை (டிபி) தாண்டக் கூடாது. இதுல எது தப்பு?

கோட்டாறு குடம்:
நேத்து சாண் மட்டும். இன்னைக்கு சாண் கூட சாய்வு, முதுகு எல்லாம் வந்தாச்சு. நாளைக்கு என்ன வருமோ. சாய்ச்சாலும் ஒரு சாண் ஒரு சாண்தான். அவ்வளவு கிட்டத்துல டைனமிக் மைக் அடித்தொனியை உப்ப வைக்கும். குடத்துக்கே அடித்தொனி ஜாஸ்தி, அது மேல இது. பத்தி படுற 'டக்' அதுக்குள்ள முங்கிரும். ஒரு முழம் தள்ளி வையுங்க.

தக்கலை தாளம்:
அண்ணே, குடத்தை விடுங்க. வில்லு மணி, உடுக்கை, ஜால்ரா, தாளக் கட்டை இதையெல்லாம் எந்த மைக் எடுக்கும்?

குழித்துறை கம்பி:
ஒரு முழம் தள்ளினா என்ன ஆவும்னு கணக்குப் போட்டுப் பாத்தீரா? அண்ணாவி வாய்க்கும் அவர் மைக்குக்கும் 15 சென்டிமீட்டர். என் சாண்ல குட மைக் அவர் வாய்ல இருந்து 60 சென்டிமீட்டர். வித்தியாசம் 45. அவர் குரல் குட மைக்குக்கு 1.3 மில்லிசெகண்ட் பிந்திப் போவும். ரெண்டையும் கலந்தா 380 ஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு, குரல்ல பள்ளம் விழும். ஆனா தூரம் நாலு மடங்கு, அதனால கெயின் சமமா இருந்தா அந்தக் குரல் 12 டிபி கம்மியாத்தான் வரும், பள்ளம் பெருசா தெரியாது. நீர் சொல்ற முழத்துல குடம் சன்னமாவும். கெயினை ஏத்துவீரு. கூடவே குரலும் ஏறும், பள்ளமும் ஆழமாவும். அதனாலதான் சாண்.

கோட்டாறு குடம்:
யாரோட சாண்? உம்ம சாணா, என் சாணா? குடத்து வாய்ல இருந்தா, கழுத்துல இருந்தா? கணக்கு மட்டும் தசமப் புள்ளி வரைக்கும், அளவு மட்டும் கை விரல்ல. நல்லா இருக்குடே.

அடித்தொனியை வெட்ட 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஃபில்டர் போடலாம்பீரு, தெரியும். குடத்தோட உயிரே அடித்தொனிதான். வெட்டினா தகர டப்பா.

மண்டைக்காடு மணி:
செவுத்துல முட்டை அட்டை ஒட்டினா எல்லாம் சரியாவும்.

குழித்துறை கம்பி:
முட்டை அட்டை மேல் சுருதியைக் கொஞ்சம் தின்னும், அடித்தொனியைத் தொடவே தொடாது. தீப்பிடிச்சா பத்தி எரியும். 10 அடி அறையில 56 ஹெர்ட்ஸ் முழங்கும், அதுக்கு அட்டை என்ன செய்யும்? இலவம்பஞ்சு மெத்தையை மூலையில நிமிர்த்தி வச்சா முழக்கம் கொஞ்சம் அடங்கும், செவுத்தை விட்டு ஒரு சாண் இடைவெளி விட்டு.

கோட்டாறு குடம்:
மெத்தைக்கும் சாண்!

தக்கலை தாளம்:
வில்லு மணிக்கு யாருமே பதில் சொல்லல.

கோட்டாறு குடம்:
சொல்றேன். வில்லு குடத்து மேல கட்டியிருக்கு. வீசுகோல் நாணுல விழுந்தா அதிர்வு மரம் வழியா குடத்துக்குள்ள போவும், குட மைக்ல தன்னால வரும். வில்லை ஒரு நாள், குடத்தை ஒரு நாள்னு தனித்தனியா எடுக்க முடியாததும் அதனாலதான். மணியும் ஜால்ராவும் கூர்மையான சத்தம், அண்ணாவி மைக்ல கசிஞ்சே போதும்போதும்னு வரும். ஜால்ராக்காரரைப் பின்னால தள்ளி உக்கார வையுங்க. உடுக்கைதான் பாவம். அதுக்கு மூணாவது மைக் வேணும், ரெண்டு இன்புட்ல நடக்காது. 15,000 காலி.

மண்டைக்காடு மணி:
உடுக்கைக்கு ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அப்புறம் சேத்துக்கலாமே. ஆரம்பத்துல ஒரு கைதட்டு, அதை வச்சு ஒட்டிரலாம்.

குழித்துறை கம்பி:
ஆரம்பத்துல ஒட்டும். ரெண்டு கருவியோட கடிகாரமும் ஒண்ணா ஓடாது. பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே 10 நிமிஷத்துல 12 மில்லிசெகண்ட். கதைப்பாட்டு ஒரு மணி நேரம் போச்சுன்னா 72. உடுக்கை முந்தியோ பிந்தியோ அடிக்கிற மாதிரி இருக்கும். கடைசியிலயும் ஒரு கைதட்டு வச்சு, நடுவுல இழுத்துப் பொருத்தணும். ஃபோன்ல தானா கெயின் ஏறி இறங்குறதையும் நிறுத்தணும்.

கோட்டாறு குடம்:
இது சரி. எப்பயாவது உருப்படியா ஒண்ணு சொல்றீரு. ஆனா விளவங்கோடு தாலுகாக்காரர் கம்பி, எங்க நாஞ்சில் நாட்டுக் குடத்துக்குச் சாண் அளக்க வந்ததுதான் சகிக்கல.

குழித்துறை கம்பி:
குடம் என்ன உங்க பக்கம் மட்டும்தான் குடை சாஞ்சு கெடக்கா? வில்லு எங்க பக்கமும் உண்டு. மைக்குக்குத் தாலுகா தெரியுமா?

மண்டைக்காடு மணி:
'ம்ம்ம்'னு இரைச்சல் வந்தா லேப்டாப் பிளக்ல எர்த் பின்னைப் பிடுங்கிருங்க, போயிரும்.

கோட்டாறு குடம்:
ஏ மணி, பிள்ளைகளைக் கொல்லப் பாக்கியா? இரும்பு மைக்கை வாய்கிட்ட வச்சுப் பாடுறவனுக்கு ஷாக் அடிக்கும். லேப்டாப்பை பேட்டரியில ஓட்டு, கரண்டால வர்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் குறையும். மிச்சத்துக்கு எல்லாக் கருவியையும் ஒரே பிளக் போர்டுல செருகு. எர்த்தைத் தொடாத.

தக்கலை தாளம்:
ஆஸ்பெஸ்டாஸ் கூரைல மழை பெஞ்சா?

குழித்துறை கம்பி:
நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல ரெண்டு பருவமழையும் உண்டு, நாளைப் பாத்து வையும். ஃபேனையும் நிறுத்தணும், அதையும் மறந்துராதிங்க. மத்தபடி நான் சொன்னதுல மாத்தமில்ல. ஒரு சாண்.

கோட்டாறு குடம்:
முழம்.

குழித்துறை கம்பி:
சாண். சாய்ச்சு.

கோட்டாறு குடம்:
வாய்ல இருந்தா கழுத்துல இருந்தான்னு இன்னும் சொல்லல பாத்தீங்களா மக்கா.