சவூதிக்கு முதல் முறை வருகிறவர்களுக்கு: நாங்கள் பார்த்ததும் பழகியதும்

ரியாத்திலிருந்து

அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ விசிட் விசாவில் அழைக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா கறுப்பு அங்கி போட்டே ஆகணுமா?" அடுத்தது, "தொழுகை நேரத்தில் தெருவில் நின்றால் பிடித்துக்கொண்டு போவார்களாமே?" ஊரில் இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் இங்கே இருந்த காலம் வேறு. முத்தவாக்கள் என்ற மதக் காவலர்களுக்கு ஆளைப் பிடிக்கும் அதிகாரம் 2016 ஏப்ரலில் போனது. 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கினார்கள், அதே வருடம் சினிமா தியேட்டரும் திறந்தது. 2019 செப்டம்பரில் சுற்றுலா விசா வந்தபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா என்ற அந்த அங்கி கட்டாயமில்லை, அடக்கமான உடை போதும் என்று அறிவித்தார்கள். அந்த டிசம்பரில், உணவகங்களில் ஆண்களுக்கு ஒரு வாசல் குடும்பத்துக்கு ஒரு வாசல் வைத்தே தீர வேண்டும் என்ற விதியும் நீங்கியது.

சட்டம் இப்படி வேகமாக மாறியது. வீட்டுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் பழக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை, மாற வேண்டும் என்று எல்லாரும் விரும்புவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. வருகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

என் அம்மா வந்தபோது பெரிய மால்களுக்கு நீளக்கை சுடிதாரும் துப்பட்டாவும் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்ஹா பக்கம் பழைய கடைத்தெருவுக்குப் போகும்போது மட்டும் புடவைக்கு மேல் என் அபாயா ஒன்றைப் போட்டுவிட்டேன். போட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அங்கே பெரும்பாலான பெண்கள் அப்படி வருகிறார்கள், அம்மாவும் கூச்சமில்லாமல் நடந்தார், அவ்வளவுதான். தலையை மூடுவது அவரவர் விருப்பம்.

அம்மாவுக்கு மறக்காத நாள் என்றால் கீழ் வீட்டுச் சவூதிக் குடும்பம் விருந்துக்கு அழைத்த நாள். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், வாசலே தனி. வெளியில் முகம் மூடிப் போகும் அந்த வீட்டம்மா உள்ளே பட்டுச் சட்டையும் நகையுமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அம்மா கொஞ்ச நேரம் பேச்சே வராமல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் கூடத்தில் செல்போனை வெளியே எடுக்காதீர்கள். வீடியோ கால் வேண்டவே வேண்டாம். அங்கே எல்லாரும் அபாயா இல்லாமல் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் பேரில்தான் உங்களை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

முதலில் பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபுக் காபியும் வரும். நம் காபியை நினைத்துக்கொண்டு குடிக்காதீர்கள். இலேசாக வறுத்த கொட்டை, ஏலக்காய், வெளிறிய நிறம், சர்க்கரை கிடையாது. கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் கால்பாகம்தான் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர் இடது கையில் கூஜாவைப் பிடித்து வலது கையால் கோப்பையைத் தருவார், நாமும் வலது கையால் வாங்க வேண்டும். குடித்து முடித்தால் மறுபடி ஊற்றுவார்கள், மறுபடியும் ஊற்றுவார்கள். போதும் என்றால் கோப்பையை இரண்டு விரலில் பிடித்து இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். அதுவரை நிறுத்த மாட்டார்கள். முதல் கோப்பையை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மனம் சங்கடப்படுவார்கள்.

பிறகு ஒரே பெரிய தாம்பாளத்தில் கப்ஸா, அதாவது கறி சேர்த்த சோறு. எல்லாரும் தரையில் சுற்றி உட்கார்ந்து வலது கையால் அவரவர் முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிட வேண்டும். நமக்கு இதில் பழக வேண்டியது எதுவும் இல்லை. நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து அம்மா பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார் அந்த வீட்டுப் பாட்டி. எல்லாம் முடிந்ததும் நம் சாம்பிராணிபோல பக்கூர் புகையைத் தூபக்காலில் கொண்டுவருவார்கள். அதை உடையில் காட்டிக்கொண்டபின் விடைபெறுவதுதான் வழக்கம்.

தொழுகை நேரத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையிலிருந்து கடைகளை அப்போதும் திறந்து வைத்திருக்க அனுமதி உண்டு. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் திறந்தே இருக்கின்றன. ஆனால் தெருமுனை பக்காலா (மளிகைக்கடை), தையல்கடை, சின்ன ஓட்டல் இவற்றில் பல இன்றும் தொழுகை நேரத்தில் ஷட்டரை இறக்குகின்றன. பாங்கு சொன்னதும் கடைக்காரர் அவசரப்படுத்தினால் கோபம் வேண்டாம். அரைமணி நேரத்தில் திறந்துவிடுவார். மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கும் இஷா என்ற இரவுத் தொழுகைக்கும் இடைவெளி குறைவு, அதனால் கடைக்குப் போவதாக இருந்தால் இஷா முடிந்து போங்கள். ஊரே அப்போதுதான் விழிக்கிறது. நள்ளிரவில் பூங்காவில் பாய் விரித்துத் தெர்மாஸோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களையும் ஊஞ்சலாடும் குழந்தைகளையும் பார்த்து அம்மா "இவங்க தூங்கவே மாட்டாங்களா?" என்றார். வெள்ளிக்கிழமை காலை நேர் எதிர். ஜும்மா தொழுகை முடியும்வரை தெருவில் ஆளிருக்காது.

ஜித்தாவிலிருந்து

ரியாத் அக்கா பெண்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டார். ஆண்களுக்கும் சில உண்டு.

சவூதி நண்பர் வீட்டு நலம் விசாரிக்கும்போது "மனைவி எப்படி இருக்கிறார்?" என்று கேட்காதீர்கள். வீட்டில் எல்லாரும் நலமா என்று பொதுவாகக் கேட்பதுதான் மரியாதை. மனைவி, சகோதரி பெயரை அவர்களாகச் சொன்னால் ஒழிய நாம் கேட்பதில்லை. பெண் ஒருவரைச் சந்தித்தால் கையை முதலில் நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் கொடுங்கள், இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னால் போதும். குழந்தையைக் கொஞ்சும்போது "மாஷா அல்லாஹ்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணேறு பயம் நம்மைப்போலவே இவர்களுக்கும் அதிகம்.

போட்டோ விஷயம். ஜித்தாவின் பலத் பகுதிக்கு வருகிற எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். பவளக்கல்லில் கட்டிய பழைய வீடுகள், தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரவேலை ஜன்னல்கள், 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். எடுக்கத் தடையில்லை. ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் ஒரு வீட்டு வாசலை எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண் வந்துவிட்டார். பின்னாலேயே வந்த அவர் கணவர் எங்களிடம் வந்து ஸலாம் சொல்லி, "தம்பி, அந்தப் படத்தை அழித்துவிடு" என்று அமைதியாகக் கேட்டார். அவர் கண்முன்னாலேயே அழித்துக் காட்டினான். அவர் எங்களை விடவில்லை. முனைக்கடையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, அந்தத் தெருவில் எந்த வீடு யாருடையது என்று ஒரு மணி நேரம் கதை சொன்னார். அனுமதி இல்லாமல் ஆட்களைப் படமெடுப்பதை இங்கே சட்டமும் விடாது. அரசுக் கட்டடம், ராணுவ இடம், சோதனைச் சாவடி பக்கம் கேமராவே வேண்டாம்.

அரைக்கால் சட்டை கடற்கரைச் சாலையில் பரவாயில்லை. பள்ளிவாசலுக்கும் அரசு அலுவலகத்துக்கும் அப்படிப் போனால் அபராதம் உண்டு.

முஸ்லிம் அல்லாத நண்பர்களோடு ஜித்தாவிலிருந்து தாயிஃபுக்குக் காரில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மேப்பில் குறுக்கு வழியாகக் காட்டும் சாலை மக்காவின் ஹரம் என்ற புனித எல்லைக்குள் போகும். முஸ்லிம் அல்லாதவர்கள் அதற்குள் நுழையக் கூடாது. எல்லைக்கு முன்னாலேயே மாற்றுச் சாலை பிரிகிறது, மேலே பலகை இருக்கிறது. டாக்ஸி பிடித்தால் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். என்னோடு வேலை செய்யும் இந்து நண்பரின் பெற்றோரை நாங்கள் அந்த வழியில்தான் கூட்டிப்போனோம். தூரம் கூடினாலும் மலைமேல் தாயிஃபில் ரோஜாத் தோட்டங்களையும் குளிர்காற்றையும் பார்த்து அந்த அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

தம்மாமிலிருந்து

நான் நர்ஸ். இங்கே மருத்துவமனையில்தான் பாதி வாழ்க்கை போகிறது, அதனால் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

பெண் நோயாளியின் அறைக்குள் ஆண் யாரும் நேராக நுழைவதில்லை. டாக்டரே ஆனாலும் கதவைத் தட்டி, குரல் கொடுத்து, நோயாளி முகத்தை மூடிக்கொள்ள நேரம் தந்துதான் உள்ளே வருவார். பக்கத்துக் கட்டிலில் உங்கள் அம்மா படுத்திருந்தால், பார்க்க வரும் அப்பாவும் அண்ணனும் அதே மாதிரி நிற்க வேண்டும். இதைச் செய்துவிட்டால் அந்தக் குடும்பம் உங்களைத் தங்களில் ஒருவராகவே நடத்தும். ஒரு சவூதி நோயாளியைப் பார்க்கக் கூட்டமாக உறவுகள் வருவார்கள். கையில் கஹ்வா தெர்மாஸ், பேரீச்சம்பழ டப்பா, கோப்பைகள். அறையில் இருக்கிற எல்லாருக்கும் பங்கு உண்டு. இராமநாதபுரத்திலிருந்து மகனைப் பார்க்க வந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட ஓர் அம்மாவுக்கு, பக்கத்துக் கட்டில் மூதாட்டியின் மகள்கள் தினமும் தலைவாரிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுமொழி கிடையாது. அந்த அம்மா ஊருக்குப் போகும்போது அவர்கள் அழுததை நான் பார்த்தேன்.

பெட்டி கட்டும்போது கசகசாவை விட்டுவிடுங்கள். குருமாவுக்கு அரைக்கிற பொருள்தானே என்று நினைப்போம். இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியிலும் அது சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். டிரமடால், கோடீன் போன்ற வலிமாத்திரை, இருமல் மருந்துகளுக்குக் கட்டுப்பாடு கடுமை. மது வேண்டவே வேண்டாம். கோயிலோ தேவாலயமோ இங்கே கிடையாது, வெளியில் வழிபாடு நடத்த முடியாது. எங்கள் குடியிருப்பில் பலர் வீட்டுக்குள் அமைதியாக விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்.

ரமலானில் வந்தால் நாளே தலைகீழாக இருக்கும். பகலில் யாரும் பார்க்கும் இடத்தில் சாப்பிடவோ, தண்ணீர் குடிக்கவோ, புகைக்கவோ கூடாது, காருக்குள்ளும் கூடாது. சர்க்கரை நோயாளிகளோடு வெளியே போனால் அவர்கள் சாப்பிட ஒரு மறைவான இடத்தை முதலிலேயே யோசித்துவையுங்கள். ஆனால் அந்தி நேரத்தில் ஒருமுறையாவது வெளியே போய்ப் பாருங்கள். சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு காருக்கும் பையன்கள் ஓடிவந்து பேரீச்சம்பழமும் தண்ணீரும் உள்ள பையைக் கொடுப்பார்கள். பள்ளிவாசல் பக்கத்துக் கூடாரத்தில் கூலித் தொழிலாளிகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் பார்த்தவரை யாரிடமும் நீ என்ன மதம் என்று கேட்டதில்லை. எனக்கு இந்த ஊரில் பிடித்த நேரம் அதுதான்.

மறுபடி ரியாத்திலிருந்து

சைவம் சாப்பிடுகிறவர்கள் பற்றி இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பத்ஹாவில் நம் ஊர் மெஸ்கள் இருக்கின்றன, கவலை வேண்டாம். வெளியூர்ப் பயணத்தில் காலையில் தமீஸ் கடை தேடுங்கள். தந்தூர் அடுப்பில் சுடும் பெரிய ரொட்டி, கூடவே ஃபூல் என்ற அவரை மசியல். வயிறு நிறையும், செலவும் அதிகமில்லை. சவூதி வீட்டு விருந்து என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "கறி வேண்டாம் என்றால் கோழி?" என்று கேட்பார்கள், பொறுமையாக விளக்குங்கள்.

2024 டிசம்பரில் ரியாத் மெட்ரோ வந்தபின் பெரியவர்களை அழைத்துக்கொண்டு சுற்றுவது எளிதாகிவிட்டது. ரயிலில் குடும்பத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் அங்கே ஏறலாம். தனியாக வரும் ஆண் அதில் ஏறக் கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெற்றோரை அழைக்காதீர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது, வெயிலின் கடுமையை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் இரவில் ரியாத் நன்றாகக் குளிரும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.