3.35 பஸ் சில வாரம் வருகிறது, சில வாரம் காணோம். ஏன்?

புதுக்குடி:
வணக்கம். லண்டனிலிருந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்குக் குடிவந்திருக்கிறோம், பன்டிங்ஃபோர்ட் பக்கம் ஒரு கிராமம். எனக்கு இன்னும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஸ்டீவனேஜில் வகுப்பு முடிந்து வீடு திரும்ப 3.35 பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறேன். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் முழுக்க வரவில்லை. அப்புறம் ஒழுங்காக வந்தது. இப்போது பிப்ரவரியில் மறுபடி காணோம். கம்பெனிக்குப் போன் போட்டால் ‘டைம்டேபிள்படிதான் ஓடுகிறது’ என்கிறார்கள். காலையில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் நான் நிற்பதைப் பார்த்தும் ஒரு பஸ் நிற்காமல் போனது. இன்னொன்று, ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், 68 வயது. அவருக்கு இலவச பாஸ் உண்டா?

கடைசிசீட்டு:
டைம்டேபிளில் 3.35 இருக்கும் வரிசையின் உச்சியைப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘எஸ்சிஎச்’ அல்லது ‘எஸ்டி’ என்று இருக்கிறதா? இருந்தால் அது பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் டிரிப். நீங்கள் சொல்லும் இரண்டு வாரமும் ஹாஃப் டெர்ம், அதாவது பள்ளிப் பருவத்தின் நடுவில் விடும் லீவு. மே கடைசியிலும் ஒன்று வரும்.

புதுக்குடி:
இருக்கிறது! ‘எஸ்சிஎச்’. கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. லீவில் நான் எப்படி வீடு வருவது?

ராயக்கா:
ஹெர்ட்ஸ்லிங்க்ஸ் பாருங்கம்மா. கவுண்டி கவுன்சில் (நம் பகுதி உள்ளாட்சி) 2021இல் பன்டிங்ஃபோர்ட்டை மையமாக வைத்துத் தொடங்கிய மினிபஸ். நிலையான ரூட் கிடையாது. ஆப்பிலோ போனிலோ பதிவு செய்தால் வரும். ஸ்டீவனேஜ், ராய்ஸ்டன், ஹிட்சின் எல்லாம் போகலாம்.

நிற்காத பஸ்ஸுக்கு: கையை நீட்டினீர்களா? இங்கே சும்மா நின்றால் வேறு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று டிரைவர் போய்விடுவார். தூரத்தில் நம்பர் தெரிந்ததுமே நீட்டுங்கள், இருட்டினால் போன் வெளிச்சத்தையும் காட்டுங்கள்.

அப்பாவுக்குப் பாஸ் கிடையாது. இங்கிலாந்தில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு மட்டும்தான். ஆனால் அரசின் கட்டண வரம்புத் திட்டத்தில் சேர்ந்த பஸ்களில் சிங்கிள் டிக்கெட் 3 பவுண்டுக்கு மேல் போகாது. 2024 வரை 2 பவுண்டாக இருந்தது, ஹ்ம்.

கடைசிசீட்டு:
லண்டன் பழக்கத்தை மறந்துவிடுங்கள். 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ்ஸைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். லாபம் வரும் ரூட்டை அவர்களே ஓட்டுவார்கள். மாலை, ஞாயிறு போன்ற காலி பஸ்களுக்குக் கவுன்சில் காசு கொடுத்து டெண்டர் விடும். அதனால் ஒரே நம்பர் பஸ்ஸை ஞாயிற்றுக்கிழமை வேறு கம்பெனி ஓட்டலாம். அந்த நாளில் ரிட்டர்ன் எடுப்பதற்கு முன் டிரைவரிடம் கேளுங்கள், திரும்பும்போது செல்லாமல் போகலாம்.

புதுக்குடி:
கையை நீட்டினேன், நின்றது. ரொம்ப நன்றி அக்கா. லீவு தேதிகளை எங்கே பார்ப்பது? பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிக்கு வேறு தேதி சொல்கிறார்கள்.

ராயக்கா:
அது தனியார் பள்ளியாக இருக்கும், அவர்கள் லீவு தனி. கவுன்சில் தளத்தில் இருக்கும் பள்ளி விடுமுறைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் உங்கள் 3.35 இருக்காது.