ராண்டம் கிராஃப் (புள்ளிகளைக் குலுக்கல் முறையில் கோடு போட்டு இணைக்கும் வரைபடம்) வைத்து நெட்வொர்க் வரைந்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தேவிபட்டினத்தான்:
எம்.இ. புராஜெக்ட். நம் கடலோர ஊர்களை நோடாக (புள்ளியாக) வைத்து, வாக்ஸ்மன் மாடலில் லிங்க் (இணைப்புக் கோடு) போட்டு, அதன் மேல் ரூட்டிங் (தகவல் போகும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஓட்டிப் பார்ப்பது. வாக்ஸ்மன் தெரிந்ததுதானே: தூரம் கூடக் கூட லிங்க் விழும் வாய்ப்பு எக்ஸ்பொனென்ஷியலாகக் குறையும், எவ்வளவு லிங்க் விழும் என்று தீர்மானிக்கும் ஆல்பா, பீட்டா என்ற இரண்டு எண்கள் நம் கையில். வைவா அன்று வெளியிலிருந்து வந்த பரிசோதகர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், தொண்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் ஓடிய கோட்டில் விரலை வைத்தார். "தம்பி, இது முழுக்கக் கடலாச்சே. கேபிள் எப்படிப் போகுது?" மாடல் 1988ல் வந்தது, மல்டிகாஸ்ட் (ஒரே தகவலைப் பல இடங்களுக்கு அனுப்பும்) ரூட்டிங் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க உருவாக்கியது, அதற்கு நேர்கோட்டுத் தூரம் மட்டும்தான் தெரியும், நிலம் நீர் தெரியாது என்று சொன்னேன். தலையாட்டினார், மார்க்கும் நன்றாகவே போட்டார். ஆனால் விரல் எடுத்த பிறகும் நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் தீவுக்குப் பாம்பன் ஒன்றுதான் மிச்சம். மாற்று வழி தேடுகிற ரூட்டிங்குக்கு அங்கே வேலையே இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு கோடு உண்டா?

ஈசிஆர் ஸ்ப்ளைசர்:
நான் கிராஃப் வரைகிறவன் இல்லை தம்பி, ஃபைபர் ஒட்டுகிறவன். சாயல்குடிப் பக்கம் ரோடு வேலைக்கு ஜேசிபி தோண்டிவிட்டது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் அந்த ஏரியா ரிங், அதாவது வளையமாகச் சுற்றி வரும் கேபிள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக டிராஃபிக் ஓட வேண்டும். ஆபீஸ் வரைபடத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் அழகாகப் போகும். பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் இரண்டு பைப்பும் ஒட்டினாற்போல் கிடக்கின்றன, இரண்டும் அறுந்து. போனில் இருந்தவர் "ஒரு பக்கம் உயிரோடதான் இருக்கணும், மறுபடி பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மாடல் போடும்போது ஒவ்வொரு லிங்க்கும் தனித்தனியாகத்தான் அறும் என்று வைக்கிறீர்களா?

வாத்தியார்:
என்னிடம் படிக்கிற மாணவி ஒருவர் பாக்கெட் (தகவல் துண்டு) போய்ச் சேரவில்லை என்று ராத்திரி வரை புரோட்டோகால் நிரலில் பிழை தேடினார். கடைசியில் பார்த்தால் கிராஃபே துண்டு துண்டாக இருந்தது. அதனால் சொல்கிறேன், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு நோடுக்கும் ஒரே வாய்ப்பில் லிங்க் போடும் எர்டோஷ்–ரெய்னி முறையில் 1000 நோடு, சராசரி 4 லிங்க் என்று வைத்தால் சுமார் 18 நோடுகள் ஒரு லிங்க்கும் இல்லாமல் தனியாக நிற்கும். எல்லாம் ஒன்றாக இணைய வேண்டுமென்றால் சராசரி லிங்க், நோடு எண்ணிக்கையின் இயல் மடக்கையைத் தாண்ட வேண்டும். 1000க்கு அது ஏறக்குறைய 7. சரி, தனியாக நிற்பதை வெட்டிவிட்டுப் பெரிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? எடுக்கலாம், ஆனால் அப்போது நோடு எண்ணிக்கை, சராசரி எல்லாம் மாறிவிடும். அதை அறிக்கையில் எழுத வேண்டும். அப்புறம் ஸீடு, அதாவது ராண்டம் எண்களைத் தொடங்கி வைக்கும் எண். எந்த ஸீடில் வந்த கிராஃப் என்று எழுதாவிட்டால் நாளைக்கு நீங்களே அதைத் திரும்ப உருவாக்க முடியாது. ஒரு கிராஃபில் கிடைத்த முடிவை முடிவு என்று சொல்லாதீர்கள். பல ஸீடில் ஓட்டி, எவ்வளவு சிதறுகிறது என்று காட்டுங்கள். தேவிபட்டினத்துத் தம்பிக்கு: தீவுக்கு ரோட்டுப் பாலம் ஒன்று, ரயில் பாலம் ஒன்று என்று 2 லிங்க் கையாலேயே கொடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

கீழக்கரைக்காரி:
சார், மன்னிக்கணும், ஸீடை மாற்றி எத்தனை தடவை ஓட்டினாலும் பொருந்தாத மாடலின் சராசரிதான் கிடைக்கும். 1999ல் ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவரும் இன்டர்நெட்டின் டிகிரி (ஒரு நோடுக்கு எத்தனை லிங்க் என்பது) பவர் லாவைப் பின்பற்றுகிறது, அதாவது மிகச் சிலவற்றுக்கு நிறைய லிங்க், மற்றவற்றுக்குக் கொஞ்சம் என்று காட்டிய பிறகு எர்டோஷ்–ரெய்னியில் ரவுட்டர் வலை வரைவதற்கு என்ன காரணம் இருக்கிறது? நான் பாராபாசி–ஆல்பர்ட் மாடலைத்தான் எடுத்தேன். ஏற்கெனவே நிறைய லிங்க் உள்ள நோடையே புது நோடு தேடிப் போய் ஒட்டும். சென்னையில் ஒரு நேர்காணலில் அந்தப் படத்தைக் காட்டினேன். எதிரில் இருந்த நெட்வொர்க் இன்ஜினியர் நடுவில் இருந்த மிகப் பெரிய நோடைச் சுற்றி வட்டம் போட்டு, "இதுக்கு இத்தனை லிங்க் போகுதே, இவ்வளவு வேகத்துல இத்தனை போர்ட் உள்ள ரவுட்டர் எது?" என்று கேட்டார். பிறகு அவரே பேனாவை எடுத்து, அதிக லிங்க் உள்ளவற்றை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் குறைந்த லிங்க், அதிக வேகம் என்று வரைந்தார். டிகிரி பட்டியல் அதேதான், வலை வேறு. வீட்டுக்கு வந்து தேடியபோது லி, ஆல்டர்சன், வில்லிங்கர், டாயில் நால்வரும் 2004லேயே இதை எழுதியிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. இந்த மாடலில் புது நோடு ஒவ்வொன்றும் 2 லிங்க்கோடு வரும் என்று வைத்தால், அநேகமாக எந்த ஒரு லிங்க் அறுந்தாலும் வலை பிளக்காது. பாம்பன் மாதிரி ஒரு இடம் அதில் பிறக்கவே பிறக்காது.

தங்கச்சிமடம்:
வாத்தியார் ஐயாவின் அந்த 2 லிங்க் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றும் அறும் வாய்ப்பு 100ல் 1, இரண்டும் சேர்ந்து போக 10,000ல் 1. அதைத் தட்டிக்கொண்டிருந்த நாளில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். ரயில் மண்டபம் ஸ்டேஷனிலேயே நின்றது, ரோட்டுப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. ஒரே காற்றுதானே இரண்டையும் அடிக்கிறது! பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவந்தது. 1914ல் கட்டிய பாலமும் 1988ல் வந்த ரோட்டுப் பாலமும் 2025ல் திறந்த புது ரயில் பாலமும் கட்டப்பட்டது ஒரே கால்வாயின் மேல். 1964 டிசம்பர் புயல் ரயிலையும் பாலத்தையும் தனுஷ்கோடியையும் ஒரே ராத்திரியில் அடித்தது. அதை எந்தப் பெருக்கல் கணக்கில் கொண்டுவருவீர்கள்? நான் இப்போது லிங்க்குக்குத் தனி வாய்ப்பு கொடுப்பதே இல்லை. புயல் என்று ஒரு மாறி. அது விழுந்தால் அந்தக் கால்வாயைக் கடக்கிற எல்லா லிங்க்கும் சேர்ந்து விழும். ஸ்ப்ளைசர் அண்ணன் சொன்ன பள்ளத்துக்கும் அதே மாதிரி ஒரு மாறி வைக்கலாம்.

வாத்தியார்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸீடைக் குறித்து வையுங்கள்.

தேவிபட்டினத்தான்:
எந்த லிங்க் எதோடு ஒரே பள்ளத்தில் கிடக்கிறது என்று எந்த மேப்பிலும் இல்லையே. அந்த மாறிக்கு எதை வைத்துக் குழு பிரிப்பது?

ஈசிஆர் ஸ்ப்ளைசர்:
உங்கள் நோடு பட்டியலை இங்கே போடுங்கள் தம்பி. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரைக்கும், தென்கடல் பக்கம் ஏர்வாடி வரைக்கும் நான் இறங்காத பள்ளம் குறைவு. எங்கே சேர்ந்து போகிறது, எங்கே பிரிகிறது என்று எனக்குத் தெரிந்ததைக் குறித்துத் தருகிறேன். உச்சிப்புளிக்கு அந்தப் பக்கம் தங்கச்சிமடத்துக்காரர் விசாரித்துச் சொல்லட்டும்.