விரல் வைத்தால் பிரஷர் காட்டும் ஆப்பை நம்பலாமா?

இட்லிக்கடை அக்கா, கொருக்குப்பேட்டை:

எல்லாருக்கும் வணக்கம். வயது 46. காலை 3.15-க்கு எழுந்து அடுப்பு பற்ற வைத்தால், கடை முடிந்து உட்கார 11 மணி ஆகிவிடும். இரண்டு வருடமாகச் சுகர், போன ஆடியிலிருந்து பிரஷரும் சேர்ந்துகொண்டது. மகன் என் போனில் மூன்று ஆப் போட்டுக் கொடுத்தான். ஒன்று நடை எண்ண, ஒன்று சாப்பாட்டுக் கணக்குக்கு, இன்னொன்று கேமரா மேல் விரலை வைத்தால் பிரஷர் காட்டும்.

அந்த மூன்றாவதுதான் என் பிரச்சினை. நாற்பது நாளாகத் தினமும் விரலை வைத்தேன். 118/76, 121/79 என்றே வரும், ஒரு நாளும் 125-ஐத் தாண்டவில்லை. குறைந்துவிட்டது என்று நினைத்து, பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். போன வாரம் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வரும் பெண் வீட்டுக்கு வந்து பார்த்தார். 168/102. பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார், 164/100. அவர் போனதும் விரலை வைத்தேன், 119/77! கை நடுங்கிவிட்டது.

அப்போ மற்ற இரண்டையும் எப்படி நம்புவது? கடையில் காலை முழுக்க அல்லாடுகிறேன், நடை ஆப் 1,900 காலடி என்கிறது. சாப்பாட்டு ஆப் இட்லி எத்தனை கிராம் என்று கேட்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? பிள்ளை ஆசையாகப் போட்டுக் கொடுத்தது, அவனிடம் சொல்லவும் மனசு வரவில்லை.

ராயபுரம் ஸ்டாஃப் நர்ஸ்:

அக்கா, முதலில் மாத்திரை. டாக்டர் சொன்னபடி தினமும் போடுங்கள், இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். விட்டுவிட்டுப் போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லையென்றால் மருந்து போதவில்லை என்று டோஸைக் கூட்டிவிடுவார். நடுவில் நெஞ்சுவலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கைகால் விழுவது என்று எது வந்தாலும் காத்திருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விரல் ஆப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். போன் லைட் விரலுக்குள் பாயும்போது, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதைக் கேமரா பார்க்கிறது. அதை வைத்து நாடித் துடிப்பை எண்ணலாம், அது ஓரளவு சரியாகவே வரும். ஆனால் ரத்தம் குழாயை எவ்வளவு அழுத்துகிறது என்பது வேறு விஷயம், அதை அளக்கக் கையில் பட்டை கட்டும் மெஷின்தான் வேண்டும். இப்படிப் பிரஷர் காட்டுவதாக விற்ற ஒரு ஆப் மீது 2016-ல் அமெரிக்க அரசே நடவடிக்கை எடுத்தது. நாளைக்கு யாராவது குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச் என்று கொண்டுவந்தால் அதையும் வாங்காதீர்கள். அப்படி எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

மேல்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காபி குடித்து அரை மணி நேரம் போகட்டும். சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் படிய, 5 நிமிஷம் பேசாமல் இருங்கள். பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். அடுப்படியில் நின்றபடி பார்த்தால் சரியாக வராது.

மணலி ஷிப்ட் தம்பி:

நடை ஆப் பொய் சொல்லவில்லை அக்கா. போனைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தால் அது எதை எண்ணும்? உடம்போடு இருந்தால்தான் எண்ணும், இடுப்புப் பையில் போட்டுப் பாருங்கள். அப்புறம் செட்டிங்ஸில் பேட்டரிக்குள் போய், அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். நிறைய போன்கள் சார்ஜை மிச்சம் பிடிக்க அதைத் தூங்க வைத்துவிடும். எனக்கு ஒரு மாசம் அப்படித்தான் பாதி நடை காணாமல் போனது.

10,000 அடி வரவில்லை என்று கவலைப்படவும் வேண்டாம். 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை என்பதுதான் உலக சுகாதார நிறுவனக் கணக்கு. ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் தெருவிலேயே நடந்தாலும் சுகருக்கு நல்லது. நம் பக்கம் இன்னொன்றும் பார்க்க வேண்டும், காற்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் எல்லாம் வரும். காற்று மாசு எண் 200-க்கு மேல் காட்டினால் நான் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை மகள்:

அம்மாவுக்கு நான் சாப்பாட்டு ஆப்பையே எடுத்துவிட்டேன். போன் நோட்டில் ‘4 இட்லி, சாம்பார்’ என்று எழுதி, பக்கத்தில் குளுக்கோமீட்டரில் வந்த எண். இரண்டு வாரத்தில் எது ஏற்றுகிறது என்று அம்மாவுக்கே தெரிந்துவிட்டது, ராத்திரி சாப்பிட்ட பொங்கல்தான். மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள், டாக்டரிடம் காட்டச் சுலபம்.

இட்லிக்கடை அக்கா, கொருக்குப்பேட்டை:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. மகனிடம் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஆப்பை அவனே எடுத்தான், சாயந்திரம் மெஷினோடு வந்தான். டாக்டர் பழைய மாத்திரையையே தினமும் போட்டு இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். 3.15-க்கு அலாரம் அடிக்கும்போது இவனும் எழுந்து பட்டையைச் சுற்றிவிட்டுத் திரும்பப் போய்ப் படுக்கிறான். இன்றைக்கு 152/94. போனில் எழுதியாகிவிட்டது.