ரயில் பிறந்தது 1825-லா, 1830-லா? சுவரில் ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம்

பொன்னி டீச்சர் கேட்டது:

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து வகுப்பறைச் சுவரில் ஒரு காலக்கோடு வரைகிறோம். 1760 முதல் 1900 வரையிலான பிரிட்டன். ஜேம்ஸ் வாட்டின் 1769 காப்புரிமை, 1819 பீட்டர்லூ படுகொலை, 1833 அடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1851 கண்ணாடி மாளிகைக் கண்காட்சி எல்லாம் ஏறிவிட்டன. ரயிலில்தான் சிக்கிக்கொண்டோம்.

ஒரு பையன் 1804 என்கிறான், வேல்ஸில் டிரெவிதிக் ஓட்டிய இன்ஜின். இன்னொருத்தி 1825 என்கிறாள், ஸ்டாக்டன் - டார்லிங்டன். 2025-ல் இங்கிலாந்தில் அதற்கு 200-ஆவது ஆண்டு கொண்டாடினார்கள் என்று ஆதாரம் வேறு காட்டுகிறாள். என் கையில் இருக்கும் பழைய பாடநூலோ 1830, லிவர்பூல் - மான்செஸ்டர் என்கிறது. இடம் இருப்பது ஒரு கட்டத்துக்கு மட்டும். எதைப் போடலாம்? காரணத்தோடு சொன்னால் பிள்ளைகளிடம் சொல்ல வசதியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற எஸ்.எம். எழுதியது:

டீச்சர், 1830 போடுங்கள். நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் கண் முதலில் இன்ஜினைப் பார்க்காது, லைன் யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்க்கும். அந்தக் கண்ணால் பார்த்தால் 1825-ல் திறந்தது ரயில்வே இல்லை, தண்டவாளம் போட்ட சுங்கச் சாலை.

27 செப்டம்பர் 1825 அன்று ஜார்ஜ் ஸ்டீபன்சன் ‘லோகோமோஷன்’ இன்ஜினை ஓட்டிக்கொண்டு ஸ்டாக்டன் போய்ச் சேர்ந்தது உண்மை. கரியும் மாவும் ஏற்றிய வண்டிகளில் சில நூறு பேர் தொற்றிக்கொண்டு போனதும் உண்மை. ஆனால் மறுநாளிலிருந்து என்ன நடந்தது? கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் குதிரையையும் சொந்த வண்டியையும் அதே தண்டவாளத்தில் இறக்கலாம். கரி வண்டிகளை இன்ஜினும் இழுத்தது, குதிரையும் இழுத்தது. பயணிகள் வண்டியைப் பல ஆண்டுகள் குதிரைதான் இழுத்தது. 1833-ல்தான் அங்கே பயணிகள் இன்ஜினுக்கு மாறினார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, பாதை ஒற்றை லைன். மைலுக்கு நாலு லூப், அதாவது ஒதுங்கி நிற்கப் பக்கப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒருவர் லூப்புக்குப் பின்னால் போக வேண்டும். குதிரை வண்டி இன்ஜினுக்கு வழிவிட வேண்டும் என்று விதி உண்டு. எல்லாரும் கேட்டார்களா? ஒரு தடவை குதிரைக்காரர் ஒதுங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில், இன்ஜின் இரண்டு மைலுக்கு மேல் குதிரைக்குப் பின்னாலேயே ஊர்ந்து போயிருக்கிறது. லைன் கிளியர், அதாவது முன்னால் பாதை காலி, வண்டியை விடலாம் என்ற அனுமதி, இல்லாத உலகம். நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

(பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு துணுக்கு: 1828-லிருந்து இறக்கமான இடங்களில் குதிரையை அவிழ்த்து, ரயிலின் கடைசியில் ஒரு தாழ்ந்த வண்டியில் ஏற்றி, தீனி போட்டுக் கூடவே கூட்டிப்போனார்கள். குதிரைகள் சீக்கிரமே பழகிக்கொண்டன.)

அதை விட்டு லிவர்பூல் - மான்செஸ்டர் திறந்த 15 செப்டம்பர் 1830-க்கு வாருங்கள். 31 மைல் நீளம், முழுக்க இரட்டைப் பாதை. தண்டவாளம் கம்பெனியுடையது, இன்ஜின் கம்பெனியுடையது, பெட்டி, டிரைவர், டிக்கெட், நேர அட்டவணை எல்லாம் ஒரே கம்பெனி. வெளியாள் குதிரையோடு உள்ளே வர முடியாது. லிவர்பூல் முனையில் இருந்த சரிவுகளில் மட்டும் கயிற்றால் இழுத்தார்கள், மற்ற தூரம் முழுவதும் நீராவிதான். வழி நெடுக ஆட்களை நிறுத்திக் கையாலும் கொடியாலும் சைகை காட்டச் செய்தார்கள். நவம்பரிலேயே தபால் மூட்டையும் ரயிலேறிவிட்டது. எங்கள் வேலை, அதாவது வண்டியை விடுவது, நிறுத்துவது, கணக்கு எழுதுவது, அங்கேதான் ஆரம்பம்.

1804 பையனுக்கும் ஒரு சபாஷ் சொல்லுங்கள். டிரெவிதிக்கின் இன்ஜின் 10 டன் இரும்பையும் எழுபது பேரையும் இழுத்தது பொய்யில்லை. ஆனால் அதன் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடைந்துகொண்டே இருந்தது. சோதனையாக நின்றுபோனது.

கொதிகலன் எழுதியது:

எஸ்.எம். சார் ஷில்டன் ஆட்களுக்கு, அதாவது ஸ்டாக்டன் - டார்லிங்டனின் இன்ஜின் பட்டறைக்காரர்களுக்கு, அநியாயம் செய்கிறார். 1825 இல்லாமல் 1830 எங்கிருந்து வந்தது?

நான் பாய்லர் வேலை பார்த்தவன். ஸ்டாக்டன் - டார்லிங்டனில் முதல் சில வருஷம் இன்ஜின்கள் படாதபாடு படுத்தின. 1828-ல் ‘லோகோமோஷன்’ பாய்லரே வெடித்து டிரைவர் இறந்துபோனார். குதிரைக்கே திரும்பிவிடலாமா என்று முதலாளிகள் யோசித்த காலம். இந்தத் தொல்லைகளுக்கு நடுவேதான், அங்கே இன்ஜின்களைப் பார்த்துக்கொண்ட டிமதி ஹாக்வொர்த் 1827-ல் ‘ராயல் ஜார்ஜ்’ கட்டினார். ஆறு சக்கரமும் இணைத்த, கனத்த, நம்பிக்கையான இன்ஜின். நீராவி இன்ஜின் தினப்படி கரி இழுக்கும், செலவும் கட்டும் என்று காட்டியது அதுதான்.

லிவர்பூல் இயக்குநர்கள் 1829 வரை முடிவே எடுக்கவில்லை. அவர்கள் அனுப்பிய வாக்கர், ராஸ்ட்ரிக் என்ற இரண்டு பொறியாளர்களும் டார்லிங்டன் பக்கம் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓடும் இன்ஜின் வேண்டாம், அங்கங்கே நிலை இன்ஜின் வைத்துக் கயிறு கட்டி இழுக்கலாம் என்றுதான் அறிக்கை கொடுத்தார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் 1829 அக்டோபரில் ரெயின்ஹில்லில் ஓடும் இன்ஜின்களுக்கு ஒரு போட்டி. பரிசு 500 பவுண்டு. ஸ்டீபன்சன் பட்டறையின் ‘ராக்கெட்’ ஜெயித்தது, சரி. அதன் பாய்லருக்குள் 25 செப்புக் குழாய்கள். சூடு படும் பரப்பு கூடியதால் நீராவிக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அந்த யோசனை வந்தது கம்பெனியின் பொருளாளர் ஹென்றி பூத்திடமிருந்து! கணக்குப்பிள்ளை பாய்லருக்கு வழி சொன்ன கதையை எங்கள் பட்டறையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஹாக்வொர்த்தும் ‘சான்ஸ் பரெய்ல்’ என்று ஒன்று கொண்டுவந்தார். எடை வரம்பைத் தாண்டியது, ஓடும்போது சிலிண்டரும் விரிசல் விட்டது. அந்த சிலிண்டர் வார்க்கப்பட்டது ஸ்டீபன்சன் பட்டறையில்தான். சதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் பேச்சு வராமலா இருந்திருக்கும்? அதே இன்ஜின் பிறகு போல்டன் பக்கம் 1844 வரை உழைத்தது.

ஓய்வுபெற்ற எஸ்.எம். எழுதியது:

ஹாக்வொர்த்துக்கு நானும் கும்பிடு போடுகிறேன். இன்ஜின் வரலாறு என்று டீச்சர் கேட்டிருந்தால் 1827-ஐயே போடச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது ரயில்.

டீச்சர், 1830-ல் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. திறப்பு நாளிலேயே ஒரு விபத்து. விசாரணை எழுதுகிறவனாக அதைப் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அன்று எட்டு ரயில்கள். பிரதமர் வெலிங்டன் கோமகனின் ரயில் மட்டும் தெற்குப் பாதையில், ‘நார்தம்பிரியன்’ இழுத்தது. மற்ற ஏழும் வடக்குப் பாதையில் வரிசையாக. பார்க்சைடு என்ற இடத்தில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். பெட்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும் ஐம்பது பேர் அளவுக்கு இறங்கி, இரண்டு பாதைக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிசனும் இறங்கினார். 1828-ல் வெலிங்டனோடு மனத்தாங்கலாகி அமைச்சரவையை விட்டுப் போனவர். இன்று கை கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாம் என்று கோமகனின் பெட்டி அருகே போனார்.

வடக்குப் பாதையில் ‘ராக்கெட்’ வந்தது. ஓட்டியவர் ஜோசஃப் லாக். அதற்கு பிரேக் கிடையாது, இயக்கத்தைப் பின்பக்கம் மாற்றித்தான் நிறுத்த வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கோமகனின் பெட்டி 8 அடி அகலம், தண்டவாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். மற்றவர்கள் ஓடினார்கள், ஏறினார்கள், ஒருவர் பெட்டியோடு ஒட்டி நின்று தப்பினார். ஹஸ்கிசன் பெட்டிக் கதவைப் பிடித்தார். கதவு அவரோடு சேர்த்து வெளியே, வடக்குப் பாதை மேல் திறந்துகொண்டது.

‘ராக்கெட்’டின் அடியில் கால் நசுங்கிய அவரை ஸ்டீபன்சன் தானே ‘நார்தம்பிரியன்’ ஓட்டி எக்கிள்ஸ் வரை கொண்டுபோனார். 15 மைலை 25 நிமிஷ அளவில் கடந்தார்கள், அதுவரை மனிதர் யாரும் அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போனதில்லை. அன்று இரவே பாதிரியார் வீட்டில் உயிர் போனது.

கையேட்டில் இல்லாத வேலை ஒன்றும் அன்று நடந்தது. இன்ஜின் போய்விட்டதால் கோமகனின் ரயில் அநாதையாக நின்றது. பக்கத்துப் பாதையில் இருந்த ரயிலோடு நீளச் சங்கிலியால் கட்டி, ஒரு பாதை இன்ஜின்களால் மறு பாதைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மான்செஸ்டர் போனார்கள். எங்கள் டிவிஷனில் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே சஸ்பென்ஷன்.

பருத்திக்காடு எழுதியது:

இவ்வளவு பேசியும் இந்தப் பாதை யாருக்காக என்று யாருமே சொல்லவில்லையே. லிவர்பூலில் இறங்கியது அமெரிக்கப் பருத்தி, அதைப் பறித்தவர்கள் அடிமைகள். மான்செஸ்டர் ஆலைகளுக்கு அதை ஏற்றிப்போகக் கால்வாய்க்காரர்கள் கேட்ட கூலியும் தாமதமும் பொறுக்காமல்தான் வியாபாரிகள் ரயிலுக்குப் பணம் போட்டார்கள். கம்பெனியின் துணைத் தலைவர் ஜான் மாஸ், லிவர்பூல் வங்கிக்காரர், கயானாவின் டெமராராவில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தவர். உங்கள் சுவரில் 1833 இருக்கிறது அல்லவா, அந்த ஏற்பாட்டில் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு இழப்பீடாக ஒதுக்கியது 2 கோடி பவுண்டு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. மாஸும் வாங்கிக்கொண்டார். 1830-க்கும் 1833-க்கும் நடுவே ஒரு அம்புக்குறி போடுங்கள் டீச்சர்.

நம் ஊர்ப் பக்கம் ரயில் எந்த ஆண்டு என்றும் பிள்ளைகள் கேட்பார்கள்: ராயபுரத்திலிருந்து முதல் பயணிகள் ரயில் 1 ஜூலை 1856. அதற்கு முன்பே, 1837-ல், செங்குன்றம் பக்கம் கல் சுமக்க ஒரு சின்ன ரயில் பாதை இருந்தது.

பொன்னி டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 1830 போட்டாயிற்று, அம்புக்குறியும் போட்டாயிற்று. 1825 சொன்ன பெண் இன்னும் முறைக்கிறாள், ஹாக்வொர்த் கதையைச் சொல்லித்தான் சமாளித்தேன். இப்போது புதுக் கேள்வி: மான்செஸ்டர் போன வெலிங்டன் ரயிலை விட்டு இறங்கவே இல்லை என்று படித்தார்களாம். துக்கத்தாலா?

ஓய்வுபெற்ற எஸ்.எம். எழுதியது:

துக்கம் இருந்தது. அவர் பார்க்சைடிலிருந்தே லிவர்பூல் திரும்பிவிடலாம் என்றார். மான்செஸ்டரில் கூட்டம் காத்திருக்கிறது, போகாவிட்டால் கலவரமாகும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். போய்ப் பார்த்தால் வரவேற்பே வேறு. கூட்டம் சீறியது. பிரெஞ்சுப் புரட்சியின் மூவர்ணக் கொடிகள், (வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏற்றிய) தானியச் சட்டம் ஒழிக, ரகசிய வாக்கு வேண்டும் என்ற பதாகைகள். ஒட்டிய வயிறும் கிழிந்த துணியுமாக ஒரு நெசவாளர், கூட்டத்துக்கு மேலே உயரமாக வைத்த தறியில் உட்கார்ந்திருந்ததை, அன்று ரயிலில் வந்த நடிகை ஃபேனி கெம்பிள் எழுதி வைத்திருக்கிறார்.

நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் பீட்டர்லூ அதே ஊர். 1819-ல் ஓட்டுரிமை கேட்டுக் கூடியவர்கள் மேல் குதிரைப்படை பாய்ந்து பதினைந்து பேராவது செத்தார்கள். அப்போதைய அமைச்சரவையில் வெலிங்டனும் இருந்தார். பதினோரு வருஷம் கழித்து, உலகத்துக்கே துணி நெய்த அந்த ஊருக்கு இன்னும் நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லை. கோமகன் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

அந்த நவம்பரிலேயே, சீர்திருத்தமே தேவையில்லை என்று பேசிய சூட்டோடு அவர் ஆட்சி கவிழ்ந்தது. 1832 சீர்திருத்தச் சட்டம் மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர்களைக் கொடுத்தது. உங்கள் பட்டியலில் 1832 இல்லை என்று நினைக்கிறேன். 1830-க்கும் 1833-க்கும் நடுவில் எப்படியாவது ஒரு கட்டம் நுழையுங்கள். இடம் இல்லை என்றால் கண்ணாடி மாளிகையைக் கொஞ்சம் சிறிதாக வரையச் சொல்லுங்கள்.