விமான நிலையத்தில் பெட்டி வைக்கும் கவுன்டர்: வாட் உண்டா இல்லையா?

முத்து_கவுன்டர்
வணக்கம். பிரிட்டனில் ஒரு விமான நிலைய முனையத்துக்குள் நானும் ஒரு பங்காளியும் சேர்ந்து பெட்டி, பை பாதுகாத்து வைக்கும் கவுன்டர் நடத்துகிறோம். பயணி வருகிறார், பெட்டியை ஸ்கேன் செய்து அலமாரியில் வைக்கிறோம், சீட்டுக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கடந்த 12 மாத வரவு 90,000 பவுண்டைத் தாண்டிவிட்டதால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு செய்தாக வேண்டும். கணக்காளர் 20 சதவீதம் போடு என்கிறார். பங்காளியோ, விமான நிலையத்துக்குள் செய்யும் வேலை எல்லாம் வரிவிலக்கு, சட்டத்திலேயே இருக்கிறது, யாரோ சொன்னார்கள் என்று ஒரே பிடியாக நிற்கிறார். பெட்டிக்கு 12 பவுண்ட் வாங்குகிறோம். வரி உண்டு என்றால் 10 எங்களுக்கு, 2 வரிக்கு. அந்த 2 பவுண்ட் போகுமா போகாதா என்பதுதான் எங்கள் கடை நிற்குமா விழுமா என்கிற கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பறவை77
டூட்டி ஃப்ரீ கடையில் வரி இல்லையே, அதே கட்டிடம்தானே, அப்போ உங்களுக்கும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை
பறவை77, அது வேறு இது வேறு. அங்கே நாட்டை விட்டு வெளியே போகிற பொருளுக்குத்தான் சலுகை, கட்டிடத்துக்கு இல்லை. அதே முனையத்தில் முடி வெட்டிக்கொண்டால் வாட் உண்டு.

முத்து, முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது. வரிவிலக்கு வேறு, பூஜ்ய விகிதம் வேறு. இரண்டிலும் வாடிக்கையாளர் வரி கட்டமாட்டார், அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்று மாதிரித் தெரியும். ஆனால் வரிவிலக்கு என்றால் நீங்கள் வாடகைக்கும் ஸ்கேனருக்கும் கட்டிய வாட் உங்கள் தலையில்தான் விழும், திரும்பக் கேட்க முடியாது. பூஜ்ய விகிதம் என்றால் அது வரிக்கு உட்பட்ட விற்பனைதான், விகிதம் மட்டும் 0, ஆகவே கட்டியதைத் திரும்ப வாங்கலாம். விமான நிலைய வாடகை ரசீதில் 20 சதவீதம் வாட் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் சின்னதில்லை. பங்காளி கேட்பது வரிவிலக்கு, அவருக்கு வேண்டியது பூஜ்ய விகிதம்.

வரிவிலக்கு என்று வாதாட ஒரே ஒரு வழிதான் தெரிகிறது, நிலம். 1994 வாட் சட்டத்தின் 9-ஆம் பட்டியலில், நிலத்தைப் பயன்படுத்த உரிமை கொடுப்பது வரிவிலக்கு. உங்கள் கடையில் பயணி எந்த இடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை, பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார், நீங்கள் எந்த அலமாரியில் வைத்தீர்கள் என்றே அவருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013-இல் ஆர்ஆர் டொனெலி வழக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது (அங்கே கேள்வி வரி எந்த நாட்டுக்குப் போகும் என்பது, ஆனால் காரணம் இங்கேயும் உதவும்): குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தானே பயன்படுத்தும் உரிமை வாடிக்கையாளருக்கு இருந்தால்தான் சேமிப்புச் சேவை அசையாச் சொத்தோடு சம்பந்தப்படும். சரி, சாவி கொடுத்துப் பயணியே பூட்டிக்கொள்கிற மாதிரி மாற்றலாமே என்று யோசித்தால் அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். 2012 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளர் தானே பொருளை வைத்துக்கொள்ளும் சேமிப்பு வசதி நில விலக்கிலிருந்து வெளியே. வரிவிலக்குக் கதை அங்கேயே முடிந்தது.

சீட்டுக்கட்டு
கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னது சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். பங்காளி காதில் விழுந்தது வெறும் வதந்தி இல்லை. அதே வாட் சட்டத்தின் 8-ஆம் பட்டியல், குழு 8, உருப்படி 6(b) எடுத்துப் படியுங்கள். கப்பலிலோ விமானத்திலோ கொண்டு செல்லப்படும் பொருள்களைத் துறைமுகத்திலோ சுங்க விமான நிலையத்திலோ கையாள்வதும் சேமித்து வைப்பதும் பூஜ்ய விகிதம் என்று இருக்கிறது. சேமித்து வைப்பது, விமான நிலையம், விமானத்தில் போகும் பொருள். மூன்றும் முத்து கடையில் இருக்கிறதே?

கணக்குப்பிள்ளை
இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் அதைச் சொன்னால் பங்காளி முழுதாகக் கேட்காமலேயே குதிப்பார்.

அந்த உருப்படி யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். குழு 8 முழுக்கப் போக்குவரத்து. சரக்கு இறங்குகிறது, கிடங்கில் கிடக்கிறது, அடுத்த விமானத்தில் ஏறுகிறது, அந்தச் சங்கிலியில் நடுவில் இருக்கிற வேலை. விமான நிறுவனம் வழி தவறிய பெட்டிகளை உங்களிடம் கொடுத்து, சொந்தக்காரர் வரும்வரை வைத்திரு என்று ஒப்பந்தம் போட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, அது இந்த உருப்படிக்குள் வரும். உங்கள் கவுன்டரில் அப்படியா? காலையில் இறங்கி ராத்திரி அடுத்த விமானம் ஏறுகிற பயணியின் பெட்டி என்றால் வாதாட இடம் உண்டு. ஆனால் ரயிலில் வந்து கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்ப ரயிலிலேயே போகிறவரும் பெட்டி வைக்கிறார். அப்புறம் குளிர்காலக் கோட்டு! வெயில் நாட்டுக்குப் போகிறவர்கள் கோட்டைக் கழற்றிக் கவுன்டரில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்வார்களே, அது விமானத்தில் போகக்கூடாது என்பதற்காகவே உங்களிடம் வருகிறது. அதை விமானத்தில் கொண்டு செல்லப்படும் பொருள் என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? இந்த மாதிரி சலுகைகளை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும், தாராளமாக இல்லை.

முத்து_கவுன்டர்
கோட்டு விஷயம் சிரிப்பு வந்தது, எங்கள் கடையில் நவம்பர் முதல் மார்ச் வரை பாதி அலமாரி கோட்டுதான். அப்போ பெட்டிவாரியாகப் பிரிக்க முடியுமா? விமானத்தில் போகிற பெட்டிக்கு 0, கோட்டுக்கு 20?

சீட்டுக்கட்டு
என்னைக் கேட்டால் அந்த வாதத்துக்கு உயிர் இருப்பதே அந்தப் பிரிப்பில்தான். ஆனால் அதற்குச் சான்று வேண்டும். போர்டிங் பாஸைப் பார்த்து எண்ணைக் குறித்துவைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் எது பறந்தது எது பறக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது, ஆய்வுக்கு வருகிறவர் எல்லாவற்றையும் 20 என்றுதான் கணக்கிடுவார்.

நதிக்கரை
நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன், ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பெட்டியை வாங்கி வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பி வைக்கிற வேலையும் செய்தால் அது சர்வதேசச் சரக்குப் போக்குவரத்து, அது பூஜ்ய விகிதத்தில் வரும், சண்டையே இல்லை. அதே பெட்டியை உள்ளூர் ஹோட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் 20. இதையெல்லாம் ஒரே சேமிப்புக் கட்டணமாகக் கலந்து ரசீது போடாதீர்கள், பிறகு பிரிக்கிறது பெரும் பாடு. நாங்கள் ஒருமுறை அப்படிக் கலந்து போட்டுவிட்டு இரண்டு வருஷ ரசீதை உட்கார்ந்து பிரித்தோம்.

பறவை77
இன்னொரு யோசனை. இப்போதைக்கு 20 போட்டு வாங்கிக் கட்டிவிட்டு, பிற்பாடு பூஜ்யம் என்று முடிவானால் எச்எம்ஆர்சியிடம் (பிரிட்டன் வரித்துறை) மொத்தமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே?

கணக்குப்பிள்ளை
இந்த முறை நல்ல கேள்வி. கேட்கலாம், நான்கு வருஷம் வரைதான் பின்னால் போக முடியும். ஆனால் வாட் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் ஒரு முள் இருக்கிறது: வரியை உண்மையில் சுமந்தது உங்கள் வாடிக்கையாளர் என்றால், பணத்தை உங்களுக்குக் கொடுத்தால் உங்களுக்குத் தகாத லாபம் என்று சொல்லி மறுக்கலாம். பெட்டி வைத்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கான பயணிகளைத் தேடிப்பிடித்துத் தலா 2 பவுண்ட் கொடுக்கப்போகிறீர்களா? பக்கத்தில் போட்டிக் கடை இருந்து, வரிக்காக நீங்கள் விலையை ஏற்றவே முடியவில்லை, உங்கள் லாபத்திலிருந்துதான் கட்டினீர்கள் என்று காட்ட முடிந்தால் வேறு விஷயம். அதனால் கோரிக்கை கிளப்பும் எண்ணம் இருந்தால் விலையை எப்போது ஏன் மாற்றினீர்கள் என்கிற கணக்கை இன்றே எழுதிவையுங்கள்.

எதிர்த்திசையில் போனால், அதாவது 0 என்று போட்டுவிட்டுப் பிறகு தப்பு என்று ஆனால், 12 பவுண்டுக்குள் 2 பவுண்ட் இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். பயணி போய்விட்டார், உங்கள் பையிலிருந்துதான் போகும். வட்டியும் அபராதமும் அதன் மேல். இரண்டில் எது உங்களைக் கொல்லும் என்று பார்த்தால் எனக்கு இதுதான்.

முத்து_கவுன்டர்
பங்காளியை உட்கார வைத்து முழுதையும் படிக்க வைத்தேன். முதலில் "பார்த்தாயா, உருப்படி 6 இருக்கிறது" என்று குதித்தார், நீங்கள் சொன்ன மாதிரியே. கோட்டு வந்ததும் அமைதி. இப்போதைக்கு எல்லாவற்றுக்கும் 20 போட்டுப் பதிவு செய்கிறோம், வாடகை வாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். சீட்டில் விமான எண் எழுத ஒரு கட்டம் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன், கோட்டுக்குத் தனி நிறச் சீட்டு. மூன்று மாதக் கணக்கு கையில் வந்ததும், இரண்டு விமானத்துக்கு நடுவில் வைக்கிற பெட்டி எவ்வளவு என்று பார்த்து, அந்தப் பகுதிக்கு மட்டும் எச்எம்ஆர்சிக்கு எழுத்தில் கேட்கலாம் என்று கணக்காளர் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை
எழுதும்போது கோட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். முழு விவரம் கொடுத்து வாங்கிய பதிலைத்தான் நம்பி நிற்க முடியும்.